கவுத்து வச்ச குளம்: கடலுக்கடியில எவ்வளவு எண்ணெய்னு கணக்குப் போட்ட ஒரு ராத்திரி

போன கார்த்திகைல நாங்குநேரிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் வயக்காட்டுல இருந்து வந்தவுக கால் கழுவுன கையோட போன எடுத்து எங்கிட்ட நீட்டுனாவ. "மாப்ள, நீதான இந்த எண்ணெய்க் கெணறு வேலைல கெடந்தவன், இது நெசமா, படிச்சுப் பாரு." ஊர் வாட்ஸ்அப் குரூப்புல வந்த மெசேஜ். குமரிக்குத் தெக்க கடலுக்கடியில 27 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் இருக்காம், இந்தியாவுக்கே நூறு வருசத்துக்குப் போதுமாம். கீழ ரெண்டு கட்சியா சண்ட, ஒரு கூட்டம் நம்ம ஊரு துபாய் ஆயிரும்ங்குது, இன்னொரு கூட்டம் கடலே போச்சு மீனே போச்சுங்குது. ரெண்டு பேரும் நம்புறது அதே நம்பரத்தான், அந்த நம்பர் எங்கன இருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.

நான் பதிமூணு வருசம் கடல்ல எண்ணெய் தேடுற கம்பெனில ஜியாலஜிஸ்டா இருந்தவன். கெணறு போடுறதுக்கு முன்னாடியே "இங்கன எவ்வளவு இருக்கும்"னு கணக்குப் போட்டு மீட்டிங்ல வைக்கிறதுதான் என் வேல. அதனால அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணைல உக்காந்து, அத்தானும் நானும் அக்கா மவளும் சேர்ந்து ஒரு கணக்க முழுசாப் போட்டுப் பாத்தோம். அதத்தான் இங்க எழுதுதேன். எண்ணெய் தேங்கியிருக்கலாம்னு எடுத்துக்கிட்ட கடலடிப் பாறை மேடு கற்பனை, நம்பரும் பயிற்சிக்காக நானே வச்சுக்கிட்டது, எந்த பிளாக்கோட உண்மைக் கணக்கும் இல்ல, இத மொதல்லயே சொல்லிருதேன். ஆனா கணக்குப் போடுற வழி ஆபீஸ்ல போடுற அதே வழிதான்.

27 ஆயிரம் எங்கன இருந்து வந்துச்சு

அந்த நம்பர் பொய்யில்ல. 2024ல ஏலத்துக்கு விட்டதுல கன்னியாகுமரிக்குத் தெக்க மூணு ஆழ்கடல் பிளாக் இருக்கு, மூணையும் சேத்தா 27 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். ஆனா பிளாக்குங்கிறது சர்க்கார் கோடு போட்டு ஏலம் விடுற கடல் துண்டு, தேடிக்கோன்னு குடுக்குற எடம், அவ்வளவுதான். அதுக்குள்ள எண்ணெயோ கேஸோ தேங்கி நிக்க வாய்ப்பிருக்குன்னு நெனைக்கிற ஒரு தனி மேட்டத்தான் ப்ராஸ்பெக்ட்னு சொல்லுவோம், அது ஒரு பத்து சதுர கிலோமீட்டர் இருக்கும், அம்பது இருக்கும், சில பிளாக்குல ஒண்ணுகூட இருக்காது. மெசேஜ் எழுதுனவரு செஞ்சது, நாங்குநேரி தாலுகா மொத்தத்தோட பரப்ப எடுத்து அம்புட்டும் குளம்னு கணக்குப் போட்ட மாதிரி.

"அப்பம் நம்ம வயலுக்கு அடில?"ன்னு அத்தான் கேட்டாவ. இல்ல அத்தான், நம்ம வயலுக்கு அடில போர் போட்டா சீக்கிரமே கரும்பாறைதான தட்டுது, அது உருகி வெந்து இறுகுன பாறை, அதுல எண்ணெய் உருவாகாது. எண்ணெய்க்கு வண்டல் வேணும், அதுவும் கிலோமீட்டர் கணக்குல தடிமனா. கோடிக்கணக்கான வருசம் முன்னாடி இந்தியாவும் இலங்கையும் வெலகப் பாத்தப்ப நடுவுல ஒரு பள்ளம் விழுந்துச்சு, அதுலதான் வண்டல் போய் நெறைஞ்சிருக்கு. அந்தப் பள்ளம்தான் மன்னார் வளைகுடா.

மறுகால் எங்கன?

குளத்துல தண்ணி பள்ளத்துல நிக்கும். பாறைக்குள்ள எண்ணெய் தலைகீழ். மணல்பாறையோட பொடிப்பொடி ஓட்டைல எல்லாம் ஏற்கனவே உப்புத்தண்ணி இருக்கு, எண்ணெய் அத விட லேசு, அதனால ஊறி ஊறி மேல ஏறிக்கிட்டே போகும், மேல ஒரு களிமண் பாறை மூடி மாதிரி இருந்தா அங்கன தடைபட்டு நிக்கும், அந்த மூடி குடை மாதிரி வளைஞ்சிருந்தா அதோட உச்சில தேங்கும். கவுத்து வச்ச குளம்னு நெனச்சுக்கோங்க. குடையோட ஓரத்துல எந்த எடம் ரொம்ப மேல இருக்கோ அது வழியா மிச்சம் வழிஞ்சு ஓடிரும். ஆபீஸ்ல அதுக்கு ஸ்பில் பாயின்ட்னு பேரு, எனக்கு அது எப்பவும் குளம் நெறைஞ்சா மிச்சத்தண்ணி வழிஞ்சு போற மறுகால்தான்.

அத்தான் ஒரு நிமிசம் யோசிச்சாவ. அவுக வயலுக்குப் பாசனம் குளத்துலதான், மழ பேஞ்சா உண்டு, இல்லன்னா இல்ல. "மறுகால் மட்டத்துக்கு மேல நிக்காதுன்னு சொல்லுத சரி, ஆனா மறுகால் மட்டம் வரைக்கும் நெறைஞ்சிருக்குன்னு ஒனக்கு யார் சொன்னா? நம்ம குளம் மறுகால் பாஞ்சு எத்தன வருசம் பாத்திருக்க?"

எனக்கு மூணாவது வருசத்துல நடந்தது ஞாபகம் வந்துட்டு. அப்ப இருந்த கம்பெனில ஒரு மேட்டுக்குக் கணக்குப் போட்டேன், மேப்புல மறுகால் கோடு வரைக்கும் வளைச்சு வளைச்சு கலர் அடிச்சேன், முழுசா நெறைஞ்சிருக்கும்னு எடுத்துக்கிட்டு ஒரே நம்பரா மீட்டிங்ல சொல்லிட்டேன். கெணறு போட்டாங்க. உச்சில மட்டும் கொஞ்சம் எண்ணெய், அதுக்குக் கீழ தண்ணி. நான் சொன்ன பரப்புல பத்துல ஒரு பங்குகூட இல்ல. அத்தான் ஒரு வாய் காப்பிக்குள்ள கேட்ட கேள்விய அன்னைக்கு அந்த ரூம்ல யாரும் கேக்கல, நானும் கேக்கல.

ஏக்கரும் அடியும்

எங்க கற்பனை மேட்டுக்கு ஒரு பேரு வேணும்னு அக்கா மவ சொன்னா. அக்கரைல இலங்கைக் கடல்ல டொராடோ, பாராகுடான்னு மீன் பேருதான் வச்சாங்கன்னு சொன்னேன், ஒடனே "விளமீன்"னு வச்சா. சரி, விளமீன்.

எண்ணெய்க் கணக்குல பழைய அமெரிக்கக்காரங்க வழிலதான் இன்னமும் நெறைய பேர் போறாங்க, அது ஏக்கர்லயும் அடிலயும் போகும். ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஒசரம் நின்னா அது 7758 பேரல், ஒரு பேரல் சுமாரா 159 லிட்டர். இத சொன்னதும் அத்தான் நிமிந்து உக்காந்தாவ, இது அவுக கணக்குல்லா. "இவ்வளவுதானா, ஏக்கர அடியால பெருக்கணும்."

பெருக்கிட்டு ஒடனே அவுகளே நிறுத்துனாவ. "இல்லடே, தப்பு. குளம் என்ன தொட்டியா, கரைகிட்ட பன்னெண்டு அடி நிக்கும், நீர்ப்பிடிப்போட அந்தக் கோடில கணுக்கால் நனையாது. கரைகிட்ட உள்ள ஆழத்த எல்லா ஏக்கருக்கும் வச்சா இல்லாத தண்ணிய இருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிரும்." நூத்துக்கு நூறு. மேட்டு உச்சில இருக்குற தடிமன ஓரம் வரைக்கும் இழுத்துட்டுப் போறது புதுசா வர்றவங்க எல்லாரும் செய்ற தப்பு. அதனால விளமீனுக்கு நாங்க வச்ச 50 அடிங்கிறது மொத்தப் பரப்புக்கும் சராசரி, அதுவும் நடுவுல வர்ற களிமண் அடுக்க எல்லாம் கழிச்சுட்டு மணல்பாறைய மட்டும் கூட்டுனது. கம்மி 30, கூட 80.

பரப்பு 4000 ஏக்கர். சதுர கிலோமீட்டர்ல சொன்னா பதினாறு. நடு நம்பர் அது, ஆனா கம்மியா எடுத்தா 2000, கூட எடுத்தா 8000னு வச்சோம். ஏன் இப்படி நாலு மடங்கு அகலமா வைக்கணும்னா, பரப்ப யாரும் அளந்து பாக்கல, காதால கேட்டதுதான். கப்பல்ல இருந்து காத்த அழுத்தி வெடிக்க விட்டு ஒரு சத்தத்தக் கீழ அனுப்புறாங்க, அது கடல் தண்ணிக்குள்ள போயி, பாறை அடுக்குல பட்டுப் பட்டுத் திரும்பி வருது, பின்னாடி கயிறு மாதிரி இழுத்துட்டு வர்ற மைக்குல அது எத்தன நொடி கழிச்சு வருதுன்னு பதிவாகுது. நமக்குக் கெடைக்கிறது நேரம்தான், மீட்டர் இல்ல. கெணத்துல கல்லப் போட்டு சத்தத்த வச்சு ஆழம் சொல்ற மாதிரிதான், ஆனா பாறைல சத்தத்தோட வேகம் எடத்துக்கு எடம் மாறும். ரெண்டு நொடில திரும்புற சத்தம், வேகம் நொடிக்கு 3000 மீட்டர்னு வச்சா போக வர பாதியாக்கி ஆழம் 3000 மீட்டர். மேட்டோட ஒரு பக்கம் வேகம் 2 சதவீதம் நாம தப்பா எடுத்துட்டா அங்கன 60 மீட்டர் பெசகும். விளமீனோட மொத்த ஒசரமே 50 மீட்டர்னா என்ன ஆகும்? மேடே மேடா இருக்காது, சரிவா இருந்தது நம்ம கணக்குல மேடாத் தெரிஞ்சிருக்கும்.

ஒரு டம்ளர் தேரி மணல்

பாறைக்குள்ள எண்ணெய் ஏரி மாதிரி கெடக்கும்னு எல்லாரும் நெனைக்காங்க. அக்கா மவளும் அதத்தான் கேட்டா. திசையன்விளைப் பக்கம் இருந்து ரோஜாச் செடிக்குன்னு கொண்டு வந்த செக்கச் செவேல்னு தேரி மணல் ஒரு சாக்குல கெடந்துச்சு. வெயில்ல காஞ்ச மணலா எடுத்து 200 மில்லி கண்ணாடி டம்ளர்ல தட்டித் தட்டி நெறச்சேன். இருமல் சிரப் பாட்டில் மூடி 15 மில்லி, அதுல தண்ணி எடுத்து ஓரமா மெதுவா ஊத்தச் சொன்னேன். மொத மூடி மணல்ல காணாமப் போச்சு. ரெண்டாவதும் போச்சு, மணலோட நெறம் கீழ கருஞ்செவப்பா மாறி மேல ஏறிக்கிட்டே வந்துச்சு, பொடிப்பொடியா காத்துக்குமிழி வந்து ஒடஞ்சுது. அஞ்சாவது மூடி முடியிறப்பதான் மேல தண்ணி மினுங்குச்சு. 75 மில்லி. நெறைஞ்சு கெடந்த டம்ளருக்குள்ள 37 சதவீதம் சும்மா ஓட்டைதான்.

பெறகு வாய்ல வேட்டித்துணியக் கட்டி டம்ளர ஒரு கிண்ணத்துல கவுத்து வச்சோம். தட்டித் தட்டிப் பாத்தோம். கிண்ணத்துல வந்தது ரெண்டு மூடிகூட முழுசா இல்ல. மிச்சம் எல்லாம் மணல ஒட்டிக்கிட்டு வர மாட்டேன்னு நின்னுட்டு, மணல் ஈரமா கட்டியா டம்ளர் உருவத்துல அப்படியே இருந்துச்சு. அக்கா மவ அதத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. ஓட்டைல இருக்குறது வேற, வெளிய வர்றது வேறன்னு நான் வாயால சொல்லிப் புரிய வைக்க வேண்டிய அவசியமே வரல.

மூணு கிலோமீட்டர் ஆழத்துல மணல் நசுங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கல்லாயிருக்கும், அங்கன 37 கெடைக்காது. விளமீனுக்கு 18 சதவீதம் வச்சோம், கம்மி 14, கூட 22. அந்த ஓட்டைலயும் பழைய உப்புத்தண்ணி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு போகாம இருக்கும், அதனால எண்ணெய்க்கு 65 சதவீதம், கம்மி 55, கூட 75. இன்னொண்ணு, கீழ அழுத்தத்துல எண்ணெய்க்குள்ள கேஸ் கரைஞ்சிருக்கும், கோலி சோடாவத் தெறந்தா புஸ்ஸுன்னு போகுதுல்லா அதே மாதிரி மேல வர்றப்ப கேஸ் பிரிஞ்சு எண்ணெய் சுருங்கும், கீழ 1.4 பேரல் இருந்தா மேல டாங்கில 1 பேரல். கடைசியா வெளிய எடுக்க முடிஞ்சது எவ்வளவு, அதுக்கு 25 சதவீதம், கம்மி 15, கூட 35.

நடு நம்பர எல்லாம் பெருக்குனோம். 4000 ஏக்கர், 50 அடி, ரெண்டு லட்சம் ஏக்கர்-அடி. அத 7758ஆல பெருக்குனா 155 கோடி பேரல், இது பாறையோட மொத்தக் கொள்ளளவு. ஓட்டை மட்டும்னா 28 கோடி. அதுல எண்ணெய் 18 கோடி. மேல வந்து சுருங்குனா 13 கோடி. வெளிய எடுக்க முடிஞ்சது 3.2 கோடி பேரல். 155ல ஆரம்பிச்சு 3.2ல வந்து நின்னுச்சு. வாட்ஸ்அப்ல சுத்துற நம்பர் பெரும்பாலும் இந்தப் படில எந்தப் படின்னே சொல்லாம வரும், பூமிக்குள்ள இருக்குறதா வெளிய வரப்போறதான்னு கேட்டாலே பாதி சண்டை அடங்கிரும்.

இந்தியா ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது 50 லட்சம் பேரலுக்கு மேல. 3.2 கோடின்னா ஒரு ஆறு நாளைக்கு வரும். கடல்ல இந்த அளவுக்கு ஒண்ணு கெடச்சா அத யாரும் சின்னதுன்னு தள்ள மாட்டாங்க, அதையும் சொல்லணும். ஆனா நூறு வருசத்துக்கும் இதுக்கும் உள்ள தூரத்தப் பாருங்க.

காலண்டர் தாள் சீட்டு

இப்பம் மூணு நம்பர் இருக்கு ஒவ்வொண்ணுக்கும், கம்மி நடு கூட. எல்லாத்துலயும் கம்மிய எடுத்துப் பெருக்குனா 38 லட்சம் பேரல். எல்லாத்துலயும் கூட எடுத்தா 20 கோடி. அம்பது மடங்கு. அத்தான் சிரிச்சாவ, "இதுக்கு நீ படிக்காமலே இருந்திருக்கலாம்"னாவ. கோவம் வரல, ஞாயமான பேச்சு. ஆனா எல்லாம் ஒண்ணா மோசமா இருக்கறதும் எல்லாம் ஒண்ணா நல்லா இருக்கறதும் ரொம்ப அபூர்வம், அதக் காட்டணுமே. தினசரி காலண்டர் பழைய தாளக் கிழிச்சு சீட்டு எழுதுனோம். பரப்புக்கு ஒரு சொம்பு, தடிமனுக்கு ஒரு சொம்பு, இப்படி அஞ்சு சொம்பு. ஒவ்வொரு சொம்புலயும் பத்து சீட்டு, மூணு கம்மி, நாலு நடு, மூணு கூட. அக்கா மவ ஒவ்வொரு சொம்புலயும் ஒண்ணு எடுப்பா, நான் கால்குலேட்டர்ல பெருக்குவேன், அத்தான் நோட்டுல எழுதுவாவ, சீட்டத் திரும்ப உள்ள போட்டுக் குலுக்குவோம். நாப்பது தடவ. பரப்புல கூட வரும், வெளிய எடுக்குறதுல கம்மி வரும், ஒண்ண ஒண்ணு இழுத்துப் பிடிச்சு நடுவுக்கே திரும்பத் திரும்ப வந்துச்சு. நாப்பதுல ஒரு தடவகூட அஞ்சு சொம்புலயும் கம்மி வரல, அஞ்சுலயும் கூடவும் வரல.

பெறகு லேப்டாப்ல பத்தாயிரம் தடவ ஓட விட்டேன். இதத்தான் மாண்டி கார்லோன்னு சொல்லுவாங்க, சொம்புக்குப் பதிலா கம்ப்யூட்டர், வேற வித்தியாசம் இல்ல. 90 சதவீதம் நம்பி இதுக்குக் கொறையாதுன்னு சொல்லலாம்ங்கிற நம்பர், பி90, அது 1.2 கோடி பேரல். சரிபாதி வாய்ப்புள்ளது, பி50, 3.2 கோடி. பத்துல ஒரு பங்கு வாய்ப்புதான் இருக்குங்கிறது, பி10, 8.7 கோடி. சராசரிக்கு பி90ல 30, பி50ல 40, பி10ல 30 சதவீதம் எடுத்துக் கூட்டுற ஸ்வான்சன் ரூல்னு ஒரு குறுக்கு வழி இருக்கு, அதுப்படி 4.3 கோடி. சராசரி நடு நம்பர விடப் பெருசா இருக்குறதப் பாருங்க, மேல்பக்கம் வால் நீளம்ங்கிறதால அது அப்படித்தான் வரும். பேட்டில சராசரியச் சொன்னா அத ஜனங்க சரிபாதி வாய்ப்புன்னு புரிஞ்சுக்குவாங்க, ரெண்டும் ஒண்ணில்ல.

இன்னொரு விசயம், எனக்கு இதுல ரொம்ப மனத்தாங்கல் உண்டு. பி90க்கும் பி10க்கும் நடுவுல உள்ள இந்த அகலத்துல எது எவ்வளவு பங்குன்னு பிரிச்சுப் பாத்தேன். பாதி பரப்புனால வருது. கால்வாசி தடிமன். வெளிய எடுக்குற சதவீதம் ஆறுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. ஓட்டை அளவு வெறும் 5 சதவீதம்தான், எண்ணெயோட பங்கு அதுலயும் பாதி. ஆனா நான் உக்காந்த மீட்டிங்ல எல்லாம் ஓட்டை 17ஆ 18ஆன்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க, பரப்பு மேப்ப பத்து நிமிசத்துல தள்ளிருவாங்க. ஓட்டைக்கு லேப் ரிப்போர்ட் இருக்கு, கையில பிடிக்க முடியும், பேச வசதி. பரப்பு யாருக்கும் தெரியாதது, அதத் தொட்டா எல்லாருக்கும் பயம்.

இருக்கா இல்லையா

இவ்வளவு நேரம் போட்ட கணக்கு எல்லாம் "இருந்தா எவ்வளவு"ங்கிறது. இருக்கான்னு இன்னும் கேக்கவே இல்ல. அதுக்கு அஞ்சு கேள்வி. எண்ணெய் வெந்து உருவாக அடில தாய்ப்பாறை இருக்கா, அதுக்கு 0.7 குடுத்தோம். உருவான எண்ணெய் இந்த மேட்டுக்கு வந்து சேந்துச்சா, வர்றப்ப மேடு உருவாகி இருந்துச்சா, அதுக்கு 0.6. தேங்க மணல்பாறை இருக்கா, 0.7. மேடு நெசமாவே மேடா, 0.8. மூடி ஒழுகாம இருக்கா, 0.6. எல்லாம் பாஸ் மார்க் மாதிரித்தான் தெரியுது, ஆனா ஒண்ணு தப்புனா எல்லாம் போச்சு, அதனால பெருக்கணும், பெருக்குனா 0.14. ஏழு கெணறு போட்டா ஒண்ணு.

"அப்பம் ஆறு கெணறு சும்மாவா?"ன்னு அக்கா உள்ள இருந்து கேட்டா. எண்ணெய்த் தொழில்ல அது கேவலமே இல்ல, புது எடத்துல அப்படித்தான்.

1983ல அலாஸ்காவுக்கு வடக்க கடல்ல மக்லக்னு ஒரு கெணறு போட்டாங்க. வட அமெரிக்காவுல ரொம்பப் பெரிய எண்ணெய் வயல்கள்ல ஒண்ணான ப்ரூடோ பே அந்தக் கடலோரத்துலதான் இருக்கு, மேடும் ரொம்பப் பெருசு, நூறு கோடி பேரலுக்கு மேலன்னு எதிர்பாத்தாங்க. ஏலம், செயற்கைத் தீவு, கெணறு எல்லாம் சேத்து நூறு கோடி டாலருக்கு மேல கொட்டுனாங்க. மேடு இருந்துச்சு, மணல்பாறை இருந்துச்சு, பாறைல எண்ணெய்க் கறைகூட இருந்துச்சு. எண்ணெய் இல்ல, உப்புத்தண்ணி. ஒரு காலத்துல நெறைஞ்சு கெடந்து, பெறகு வழிஞ்சு ஓடிப் போயிருக்கு. எடம் சரிதான், நாங்க 3 கோடி வருசம் லேட்டா வந்துட்டோம்னு அந்தக் கம்பெனி அதிகாரி சொன்னாரு.

இத சொன்னப்ப அத்தான் கொஞ்ச நேரம் பேசல. 2023 டிசம்பர் 17, 18 மழைல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன அந்த மழைல, நம்ம பக்கம் எத்தன குளம் ஒடஞ்சுது. மறுநாள் போய்ப் பாத்தா கரைல தண்ணி நின்ன கோடு மட்டும் இருக்கும், வண்டல் பாளம் பாளமா கெடக்கும், குளம் காலி. "தடம் இருக்கு, தண்ணி இல்ல. அதான மாப்ள?" அதேதான் அத்தான்.

கண்டுபிடிச்ச பெறகும் கணக்கு மாறும், அதையும் சேத்துச் சொல்லணும். கிருஷ்ணா கோதாவரி பேசின்ல, அதாவது அங்க உள்ள வண்டல் பள்ளத்துல, டி6னு ஒரு பிளாக், 2002ல கேஸ் கெடச்சுது. முக்கியமான ரெண்டு வயலுக்கு 10 ட்ரில்லியன் கன அடிக்கு மேல எடுக்கலாம்னு 2006 வாக்குல கணக்குக் குடுத்தாங்க, சில வருசத்துல அது 3 பக்கத்துல வந்துட்டு. 2009ல உற்பத்தி ஆரம்பிச்சு 2010ல உச்சிக்குப் போயி பெறகு சரசரன்னு எறங்குச்சு. பாறை நெனச்ச மாதிரி இல்லன்னு கம்பெனி சொல்லுச்சு, சொன்ன அளவுக்குக் கெணறு போடலன்னு அரசு தரப்பு சொல்லுச்சு. ரெண்டு தரப்புக்கும் நடுவுல நான் தீர்ப்புச் சொல்ல வரல, ஆனா கெணறு போட்டு, கேஸ் கண்ணுல பாத்த பெறகும் மூணுல ஒரு பங்காக் கொறைய முடியும்னா, ஒரு கெணறுகூடப் போடாத எடத்துக்கு ஒத்த நம்பர் சொல்றவர எந்த தைரியத்துல நம்புறது?

அக்கரைல என்ன கெடச்சுது

மன்னார் வளைகுடாவுலயே இலங்கைப் பக்கம் 2011ல கெய்ர்ன் கம்பெனி கெணறு போட்டாங்க. கடல் ஆழமே 1354 மீட்டர், அதுக்கும் கீழ போயி, கடல் மட்டத்துல இருந்து 3044 மீட்டருக்கும் 3069 மீட்டருக்கும் நடுவுல 25 மீட்டர் தடிமனுக்கு கேஸ் பாத்தாங்க. அதுதான் டொராடோ. அடுத்து பாராகுடாலயும் கேஸ் கெடச்சுது. டொராடோவுக்கு வடக்க போட்டது வறண்ட கெணறு. 2013ல நாலாவதா ஒண்ணு, அதுவும் வறண்டுது. நாலுல ரெண்டு, உண்மைல அருமையான கணக்கு. ஆனாலும் கண்டுபிடிச்ச கேஸ எடுக்காமலே 2015ல விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆழ்கடல்ல கேஸ்னா அத கரைக்குக் கொண்டு வர பைப்லைன் வேணும், வாங்குறதுக்கு ஆள் வேணும், வெலை கட்டுப்படியாகணும், எண்ணெய்னா கப்பல்ல ஏத்திரலாம், கேஸ அப்படி லேசா ஏத்த முடியாது. அதனாலதான் எங்க தொழில்ல இன்னும் கண்டுபிடிக்காதது, கண்டுபிடிச்சும் எடுக்க முடிவாகாதது, எடுக்கலாம்னு உறுதியானதுன்னு மூணா பிரிச்சு வச்சிருக்காங்க, கடைசி ஒண்ணுக்கு மட்டும்தான் ரிசர்வ்னு பேரு. பேப்பர்ல எல்லாத்துக்கும் "இருப்பு"ன்னு ஒரே வார்த்தையப் போட்டுருதாங்க.

25 மீட்டர்னதும் அத்தான் அத 82 அடியா மாத்தி நோட்டுல எழுதி, பக்கத்துல ஏக்கருக்கு எடம் விட்டுட்டு என்னப் பாத்தாவ. அந்த ஏக்கர் ஒரு கெணத்துல தெரியாது அத்தான். நம்ம தெருவுல ஒரு வீட்டு போர்ல 200 அடில தண்ணி, சுவத்துக்கு அந்தப் பக்கம் 400 அடி போயும் பொகைதான வந்துச்சு. ஒரு கெணறு ஒரு புள்ளியத்தான் சொல்லும்.

ஆனா அந்தப் புள்ளி ஒரு நல்ல காரியம் செஞ்சுது. அந்தப் பள்ளத்துல கேஸ சமைக்கிற தாய்ப்பாறை எங்கயோ இருக்குங்கிறதுக்கு சாட்சி ஆயிட்டு. எங்க விளமீன் டொராடோவுக்குப் பக்கத்துலயே இருக்குன்னு வச்சுக்கிட்டா தாய்ப்பாறைக்குக் குடுத்த 0.7ஐ 1ன்னு மாத்தலாம், அப்பம் வாய்ப்பு 0.14ல இருந்து 0.20 ஆகும், ஏழுல ஒண்ணு அஞ்சுல ஒண்ணாச்சு. அதோட எண்ணெய்க்குப் பதிலா கேஸ்னு மாத்திக் கணக்க மொதல்ல இருந்து போடணும், சுருங்குற எண் போயி விரியிற எண் வரும், வெளிய எடுக்குற சதவீதமும் கூடும். பள்ளம் ஒண்ணுதான்னாலும் குமரிக்குத் தெக்க உள்ள பிளாக்குக்கு இந்த 1ஐ அப்படியே தூக்கிட்டுப் போக முடியாது, தூரம் அதிகம், அங்கன அதே தாய்ப்பாறை அதே சூட்டுல வெந்துச்சான்னு யாரும் தோண்டிப் பாக்கல. மறுபடியும் 0.7, இல்ல அதுக்கும் கீழ.

மணி பன்னெண்டு ஆயிட்டு. அத்தான் நோட்டுல இருந்து பாத்துப் பாத்து குரூப்புல ஒரே ஒரு மெசேஜ் அடிச்சாவ. "27 ஆயிரம்ங்கிறது ஏலம் விட்ட கடல். அதுக்குள்ள மேடு எத்தன ஏக்கர், மறுகால் எங்கன, நெறைஞ்சிருக்குன்னு என்ன சாட்சி, இதச் சொல்லிட்டுப் பேசுங்க." காலைல பாத்தா ரெண்டு கட்சிக்காரங்களும் அதப் படிச்சிருந்தாங்க, பதில் எதுவும் வரல. உவரில படகு வச்சிருக்க ஒரு பையன் மட்டும் தனியா அத்தானுக்கு எழுதிருந்தான், மாமா அந்த மேடு எங்கன இருக்குன்னு தேடுறதுக்கு சத்தம் விடுற கப்பல் வர்றப்ப எத்தன நாள் நாங்க வலை போட முடியாதுன்னு அந்த அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்கன்னு. அந்தக் கணக்குக்கு வேணுங்கிற நம்பர் எதுவும் எங்க அஞ்சு சொம்புல இல்ல, அத கப்பல் அனுப்புறவங்கதான் குடுக்கணும். அவன் கேள்விய அப்படியே ஒரு மனுவா எழுதிக் குடுத்துட்டுத்தான் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுனேன்.